மாஸ்டர் சோற்றை நிறுத்தச் சொல்கிறார், நிறுத்தலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. ஆறு வருடமாக ஜிம் போகிறேன், ஊசி மாத்திரை எதையும் தொட்டதில்லை. பத்து வாரத்தில் நடக்கப்போகும் ஒரு நேச்சுரல் ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உயரம் 170 செ.மீ. மூன்று வாரம் முன்பு 82 கிலோ, இப்போது 78. வீட்டு எடை மெஷின் கொழுப்பு 12 சதவீதம் என்று காட்டுகிறது. ஜிம் மாஸ்டர் சோற்றை அடியோடு நிறுத்தச் சொன்னார். இருபது முட்டை வெள்ளை, அவித்த சிக்கன் 400 கிராம், ஒரு கிண்ணம் ஓட்ஸ், இரண்டு ஸ்கூப் வே புரதப் பவுடர், வெள்ளரிக்காய், இவ்வளவுதான் சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் கார்டியோ. பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) 90 கிலோவில் ஆறு முறை அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது 80இல் ஐந்துக்கே திணறுகிறேன். தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது, அந்த ஆசையே போய்விட்டது. "போட்டி முடிஞ்சா பழைய ஆளா வந்துருவீங்களா?" என்று மனைவி கேட்கிறாள். கடைசி வாரம் உப்பு, தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டு ஒரு மாத்திரை போட வேண்டுமாம். "அது ஸ்டீராய்டு இல்லடா, ஒண்ணுக்குப் போற மாத்திரைதான்" என்கிறார் மாஸ்டர். பத்து வாரம் போதுமா? சோற்றை நிறுத்தியது சரியா? அந்த மாத்திரை போடலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையைப் போடாதீர்கள்.

மாஸ்டர் சொன்னது ஒரு விதத்தில் உண்மைதான், அது ஸ்டீராய்டு இல்லை. பெரும்பாலும் ஃபியூரோசெமைடாக இருக்கும், மெடிக்கலில் லாசிக்ஸ் என்று கிடைப்பது. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு டாக்டர் அளந்து கொடுக்கிற மருந்து அது. ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் டையூரெடிக் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) என்ற இனமே, போட்டி நாள் சாதாரண நாள் என்ற வித்தியாசம் இல்லாமல், எப்போதும் தடை. சிறுநீரை நீர்க்கச் செய்து மற்ற மருந்துகளை மறைக்கவும் அது உதவும் என்பதால்தான். ஆக, ஆறு வருடம் ஒன்றையும் தொடாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு மாத்திரையால் டெஸ்டில் மாட்டி, ஊசி போட்டவன் என்ற பெயரோடு ஊர் திரும்புவீர்கள்.

பெயர் போனால் போகட்டும், உயிர் இருக்கிறதே. இந்த மாத்திரை தோலுக்கு அடியில் இருக்கும் நீரை மட்டும் தேடிப்பிடித்து எடுக்காது, ரத்தத்திலிருந்து எடுக்கும், கூடவே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் சரிந்தால் இதயம் தாளம் தப்பும். அதுவும் மூன்று மாதம் பட்டினி கிடந்து, தண்ணீரையும் நிறுத்தின உடம்பில். பிரான்ஸைச் சேர்ந்த முகமது பெனாசிசா 1992இல் நெதர்லாந்தில் ஒரு தொழில்முறைப் போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார், டையூரெடிக்கும் நீர் வற்றியதும்தான் காரணம் என்று இன்றுவரை பேசப்படுகிறது. அவர் உலகத் தரத்தில் நின்ற ஆள். நம் ஊர் மேடைக்கு இந்த விலை தேவையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கொழுப்புக் கணக்குக்கு வருவோம். வீட்டு மெஷின் 12 சதவீதம் என்கிறதா? அந்த மெஷின் காலடி வழியாகச் சின்ன மின்னோட்டத்தை அனுப்பி, உடம்பில் எவ்வளவு நீர் இருக்கும் என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. ஊகத்தின் மேல் ஊகம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண் வரும். நீங்கள் அனுப்பிய படங்களையும், தொப்புளைச் சுற்றி 87 செ.மீ. என்று எழுதியிருப்பதையும் வைத்துப் பார்த்தால் 17, 18 என்றுதான் நான் சொல்வேன். மனசு ஒடிய வேண்டாம், என்னிடம் வருகிற எல்லாருமே தங்கள் கொழுப்பை ஐந்தாறு சதவீதம் குறைத்துத்தான் சொல்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

18 என்றே வைத்துக்கொள்வோம். 78 கிலோவில் 14 கிலோ கொழுப்பு, மீதி 64 கிலோ. மேடையில் தொடையிலும் பின்பக்கத்திலும் வரி விழ வேண்டுமென்றால் ஆண்களுக்கு ஐந்தாறு சதவீதத்துக்கு வர வேண்டும். அந்த 64இல் ஒரு கிராம் கூடப் போகாமல் 6 சதவீதத்துக்கு வந்தால் நீங்கள் 68 கிலோ சொச்சம் இருப்பீர்கள். அதாவது இன்னும் பத்து கிலோ, அதுவும் முழுக்க முழுக்கக் கொழுப்பாகவே போக வேண்டும். கையில் இருப்பது பத்து வாரம். வாரம் ஒரு கிலோ, உங்கள் எடையில் 1.3 சதவீதம்.

இந்த வேகம் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2011இல் வெளியானது, நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் எடையில் 0.7 சதவீதம் குறைத்தது, இன்னொன்று 1.4 சதவீதம். இரண்டு குழுவுக்கும் எடைப்பயிற்சி உண்டு, மொத்தத்தில் இறக்கிய எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு போனதோடு கொழுப்பில்லாத உடல் எடை 2 சதவீதம் போல ஏறியே இருந்தது, வேகமாகக் குறைத்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. இவர்கள் உங்களைப் போல ஏற்கெனவே நான்கு கிலோ இறக்கிவிட்டு மேடைக்காக இன்னும் வற்றுகிறவர்களும் இல்லை. உடம்பில் கொழுப்பு குறையக் குறைய, அடுத்த கிலோவுக்கு உடம்பு தசையில் கை வைக்கும். நேச்சுரல் போட்டியாளர்களுக்கான ஆய்வுகளை ஹெல்ம்ஸ், அரகான், ஃபிட்ஷன் மூவரும் 2014இல் தொகுத்தபோதும் வாரம் அரை முதல் ஒரு சதவீதம் என்றுதான் எல்லை போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் அந்த அரையை ஒட்டி நிற்பதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

உங்கள் பெஞ்ச் பிரஸ் 90இலிருந்து 80க்கு இறங்கியது சும்மா களைப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். மூன்று வாரத்தில் போன நான்கு கிலோவில் ஒரு பங்கு வெறும் நீர்தான், பயப்பட வேண்டியதில்லை. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினதும் அது காலியாகி ஒன்றரை, இரண்டு கிலோ முதல் வாரத்திலேயே இறங்கிவிடும், ஜிம்மில் எல்லாரும் "மச்சி, இறங்கிட்ட" என்பார்கள். ஆனால் மீதியில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே நம்பகமான கருவி அந்த பெஞ்ச் பிரஸ் எண்தான். அது இப்படிச் சரியும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீங்கள் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன். இருபது முட்டை வெள்ளையில் 340 கலோரி, சிக்கன் (வேகாத எடை என்று வைத்தால்) 440, வே 240, ஓட்ஸ் 200க்குள், வெள்ளரிக்காயைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். மொத்தம் 1300ஐத் தாண்டவில்லை. உங்களுக்கு எடை மாறாமல் இருக்கவே 2600 போல வேண்டும், ஒன்றரை மணி நேரக் கார்டியோவைச் சேர்த்தால் இன்னும் மேலே. பாதிச் சாப்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாஸ்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த டயட் சிலருக்கு நன்றாகவே வேலை செய்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் உங்களுக்கும் சொல்கிறார். ஆனால் அந்தச் சிலர் யார்? வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றிக்கொண்டிருப்பவர் 1300 கலோரியில் இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஊசி அவருடைய தசையைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். அதே சாப்பாடு, அதே ஓட்டம், ஊசி மட்டும் இல்லை என்றால் தசைக்குக் காவல் இல்லை. நீங்கள் மருந்து எடுப்பவருடைய டயட்டை மருந்தில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற பிரச்சினை எல்லாம், தூக்கம், கோபம், பெஞ்ச் பிரஸ், படுக்கையறை எல்லாமே, இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு இது மறந்தே போய்விட்டது. வங்காளத்தின் மனோதோஷ் ராய் 1951இலும் மனோகர் ஆயிச் 1952இலும் மிஸ்டர் யுனிவர்ஸில் தங்கள் பிரிவில் பட்டம் வாங்கினார்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளில் பேர்போன டயனபால் சந்தைக்கு வந்ததே 1958இல். ஆயிச் ஐந்தடி கூடக் கிடையாது, நூறு வயதைத் தாண்டி 2016இல்தான் போனார். அவர்கள் காலத்தில் 'நேச்சுரல்' என்று ஒரு தனிப் பிரிவு எதற்கு, உடற்கட்டு என்றாலே அதுதான்.

சோற்றுக்கு வருவோம். சோறு கொழுப்பாக மாறுவதில்லை, மிஞ்சுகிற கலோரிதான் மாறும், அது சோற்றிலிருந்து மிஞ்சினாலும் முந்திரியிலிருந்து மிஞ்சினாலும் ஒன்றுதான். நம் வீட்டுச் சோற்றில் பிரச்சினை என்னவென்றால் யாரும் அதை அளப்பதில்லை, அம்மா கரண்டியால் போடப் போட உள்ளே போகும். 100 கிராம் அரிசியில் 350 கலோரி, அது வெந்து கிட்டத்தட்ட 270 கிராம் சோறாகிறது. அரிசியாகவே எடை போட்டுத் தனியாக வேக வைத்துவிட்டால் தீர்ந்தது. பயிற்சிக்கு எரிபொருள் அதுதான், அதை நிறுத்திவிட்டு 90 கிலோவைத் தூக்கு என்றால் உடம்பு எதை வைத்துத் தூக்கும்?

உங்களுக்கு நான் வைக்கும் கணக்கு 2100லிருந்து 2200 கலோரி. புரதம் 165 கிராம் போதும். கொழுப்பில்லாத உடல் எடைக்குக் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் என்று சொன்னதும் அதே 2014 தொகுப்புதான், உங்கள் 64 கிலோவுக்கு 147இலிருந்து 198 வருகிறது. இப்போது 210க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, தேவையே இல்லை. மாறாக, கொழுப்பு உங்கள் தட்டில் இருபது கிராம் கூட இல்லை, அதை 55க்குக் கொண்டுவாருங்கள். மீதி எல்லாம் மாவுச்சத்து, 250 கிராம் போல வரும்.

இதைத் தட்டில் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முழு முட்டை, நான்கு வெள்ளை. இருபது வெள்ளையை விழுங்கிவிட்டு மஞ்சளைத் தூக்கி எறிகிற பழக்கத்தை விடுங்கள், எறிவதில்தான் பாதிச் சத்து போகிறது. மதியம் 80 கிராம் அரிசிச் சோறு, 150 கிராம் சிக்கனோ மீனோ, கீரை, ரசம், மோர். சூரை, பாறை எல்லாம் சிக்கனுக்குச் சளைத்தது இல்லை, மத்தி கிடைத்தால் அதன் கொழுப்பும் நல்லது, ஆனால் குழம்பாக வைக்கச் சொல்லுங்கள், வறுவல் வேண்டாம். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம், முடிந்ததும் ஒரு ஸ்கூப் வே. இரவு மூன்று சப்பாத்தி அல்லது ராகிக் களி, கூட சிக்கன், அல்லது 40 கிராம் சோயா சங்க்ஸ். சங்க்ஸில் நூறு கிராமுக்கு 52 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் மலிவு, நம் ஜிம் பையன்கள் ஏனோ அதைத் தொடவே பயப்படுகிறார்கள். பன்னீரைப் புரதம் என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள், அதில் புரதத்தைவிடக் கொழுப்பு கூட. நான் எழுதியது ஒரு மாதிரிதான், 2100ஐத் தொட இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும், அதில் தயிரோ பழமோ ஒரு கைப்பிடி சுண்டலோ உங்கள் விருப்பம்.

எண்ணெய்தான் திருட்டு வேலை செய்யும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, தாளிப்பில் அம்மா கை அசைத்தால் நான்கு டீஸ்பூன் போய்விடும், தேங்காய்ச் சட்னி வேறு. அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். காலையில் 20 மில்லி எண்ணெயை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்துவிடுங்கள், "எனக்குச் செய்யறதெல்லாம் இதுக்குள்ளம்மா" என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது ஒன்றே தேங்கி நின்ற எடையை அசைத்துவிட்டது.

சோறு திரும்ப வந்ததும் ஒரே வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ ஏறும். அது மேலே சொன்ன அந்தக் கிளைகோஜனும் நீரும். பதறிப்போய் மறுபடி நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சொன்னால் முதல் இரண்டு வாரம் 2500 வரைக்கும் சாப்பிடுங்கள், எடையைக் குறைக்கவே வேண்டாம், பெஞ்ச் பிரஸ் திரும்பி வரட்டும், தூக்கம் வரட்டும், அப்புறம் 2150க்கு இறங்கலாம். தினமும் காலையில் கக்கூஸ் போய்வந்து எடை பாருங்கள், ஆனால் ஒரு நாள் எடைக்கு மரியாதை தராதீர்கள், ஏழு நாள் சராசரியைத்தான் அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வாரமாகச் சராசரியும் அசையவில்லை, இடுப்பளவும் அசையவில்லை என்றால் 100, 150 கலோரி குறைக்கலாம், அதுவும் மாவுச்சத்திலோ கொழுப்பிலோ, புரதத்தில் கை வைக்காமல்.

வெறும் வயிற்றுக் கார்டியோ பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் ஓடினால் அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும், உண்மை, ஆனால் நாள் முடிவில் கணக்கு சமமாகிவிடுகிறது. 2014இல் இளம் பெண்கள் இருபது பேரை வைத்து, ஒரே அளவு சாப்பாட்டில் நான்கு வாரம் சோதித்துப் பார்த்தார்கள், சாப்பிட்டு ஓடியவர்களுக்கும் சாப்பிடாமல் ஓடியவர்களுக்கும் வித்தியாசம் வரவில்லை. உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள், ஆனால் ஒன்றரை மணி நேரம் வேண்டாம். தினமும் ஒன்பதாயிரம் அடி நடை, வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரம் சைக்கிள், இதோடு ஆரம்பித்து, தேவைப்பட்டால் பின்னால் கூட்டலாம். எல்லாத் துருப்பையும் முதல் வாரமே இறக்கிவிட்டால் பதினைந்தாவது வாரம் எடை நிற்கும்போது கையில் என்ன இருக்கும்? அடியை எண்ணச் சொல்வதற்குக் காரணம், சாப்பாடு குறையும்போது நமக்கே தெரியாமல் உடம்பு அசைவைக் குறைத்துவிடும். மாடிக்குப் போக லிஃப்ட், டீ எடுத்து வர ஆபீஸ் பையன், உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம். அந்த 200, 300 கலோரி எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம்.

பயிற்சியில் ஒன்றே ஒன்று: கொழுப்பைக் குறைக்கும் காலத்தை ஜிம்மில் கட்டிங் என்பார்கள், 'கட்டிங்ன்னா லைட் வெயிட், ரெப்ஸ் இருபது' என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கனமான எடை கட்டிய தசையைக் கனமான எடைதான் காப்பாற்றும். களைப்பு கூடும்போது செட்டைக் குறையுங்கள், பாரில் இருக்கும் எடையைக் குறைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கூச்சத்தோடு ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்கள் ஆண்மைக்கு எந்தக் குறையும் இல்லை, அது பட்டினியின் கணக்கு. சாப்பாடு இல்லாத காலத்தில் இனப்பெருக்கம் எதற்கு என்று உடம்பு முடிவு செய்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத்தான் முதல் ஆளாகக் குறைக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து எடுக்காத ஓர் ஆணழகனைப் போட்டிக்கு ஆறு மாதம் முன்பிருந்து முடிந்து ஆறு மாதம் வரை தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5க்கு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் 9.22இலிருந்து 2.27 ஆனது, அதாவது கால்வாசி. ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27. மனநிலைக் குலைவை அளக்கும் எண் 6இலிருந்து 43க்குப் போனது. இத்தனைக்கும் அவர் அவசரப்படாமல் ஆறு மாதம் எடுத்துச் செய்தவர். போட்டி முடிந்து சாப்பிட ஆரம்பித்ததும் ஹார்மோனும் மனநிலையும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன, பலம் மட்டும் ஆறு மாதத்திலும் முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே மனைவி கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம், வருவீர்கள். ஆனால் கடைசி மாதங்களில் இந்தப் பிரச்சினை மறுபடி கொஞ்சம் வரும், எவ்வளவு மெதுவாகப் போனாலும் வரும், அதை இப்போதே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் தன் மேல் என்ன குறை என்று தேட ஆரம்பிப்பார், கல்யாணமாகி ஏழு மாதம் என்பது அதற்கான வயது. சாப்பாட்டைக் கூட்டி ஒரு மாதமாகியும் ஒன்றும் மாறவில்லை என்றால் ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு பார்த்துவிடுங்கள். தலைசுற்றல், படபடப்பு இருந்தால் அந்த ஒரு மாதம் கூடக் காத்திருக்க வேண்டாம்.

தூக்கத்தையும் லேசாக எடுக்காதீர்கள். ஷிப்மெண்ட் நாளில் உங்கள் ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும் என்று எனக்குத் தெரியும். 2010இல் அமெரிக்காவில் பத்துப் பேரை ஒரே குறைந்த சாப்பாட்டில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் தூங்க விட்டார்கள். எடை இறங்கியது ஒரே அளவுதான், ஆனால் குறைவாகத் தூங்கியபோது அதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்துபோனது, அந்த இடத்தில் கொழுப்பில்லாத எடை போயிருந்தது. ஏழு மணி நேரம் தூங்க முடியாத மாதத்தில் போட்டிக்குத் தயாராவதே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு இதில் பிடிவாதம் உண்டு.

பத்து வாரம் போதுமா? போதாது. பத்து கிலோவை வாரம் அரைக் கிலோ சொச்சமாக இறக்கப் பதினெட்டு வாரம், நடுவில் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் எடை குறையாத அளவுக்குச் சாப்பிடும் இடைவெளி (அது மெட்டபாலிசத்தைத் தட்டி எழுப்பும் என்பதெல்லாம் மிகை, மனசுக்கும் பயிற்சிக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், அது போதாதா), கடைசியில் மெதுவாகும் சில வாரம், எல்லாம் சேர்த்தால் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்கு அப்புறம் வருகிற ஒரு நேச்சுரல் போட்டியைத் தேடுங்கள். பெயர் கொடுக்கும் முன் விதிமுறையை வாங்கிப் படியுங்கள். சில அமைப்புகள் சிறுநீர்ச் சோதனையோடு பாலிகிராஃபும் (பொய் கண்டறியும் சோதனை) வைக்கின்றன, 1989இல் தொடங்கிய டபிள்யூ.என்.பி.எஃப். என்ற உலக நேச்சுரல் உடற்கட்டு அமைப்பு அப்படித்தான், பத்து ஆண்டு சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. ஃபேட் பர்னர், ப்ரீ வொர்க்அவுட் பவுடர், லேபிள் இல்லாத லேகியம் எதுவும் இப்போதிலிருந்தே வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று டெஸ்ட் வரும்போதுதான் தெரியும். கிரியேட்டின் (தசைக்குச் சக்தி தரும் சப்ளிமென்ட்) தினம் மூன்று முதல் ஐந்து கிராம், காபி, இரண்டும் தாராளமாக.

நண்பர்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கவே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்களே, சிரித்துவிட்டேன். விட மனசில்லை என்றால் இந்தப் பத்து வாரப் போட்டியிலும் ஏறுங்கள், தப்பில்லை. ஆனால் ஜெயிக்க இல்லை, மேடை பழக. நான் சொன்ன இந்த மெதுவான வேகத்திலேயே 73, 74 கிலோவுக்கு வந்திருப்பீர்கள், பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் இருக்கும், வயிற்றில் கோடு தெரியும், பின்பக்கம் தெரியாது. போஸிங்கைத் தினமும் இருபது நிமிடம் பழகுங்கள், கண்ணாடி இல்லாமலும் பழகுங்கள், மேடையில் கண்ணாடி இருக்காது.

கடைசி வாரத்தைப் பற்றி என் கதையைச் சொல்லியாக வேண்டும். என் முதல் போட்டிக்கு ஒரு சீனியர் பேச்சைக் கேட்டு ஐந்து நாள் உப்பை நிறுத்தினேன், ஒன்றரை நாள் தண்ணீரை நிறுத்தினேன். மேடைக்குப் பின்னால் டம்பல் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், பம்ப் (ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது) வரவே இல்லை. பின்புறம் காட்டும் போஸில் தொடை இழுத்துக்கொண்டு, நடுவர்களுக்கு முதுகைக் காட்டியபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆறு பேரில் ஐந்தாவது. மறுநாள் காலை நான்கு இட்லி, இரண்டு வடை, கிண்ணம் கிண்ணமாகச் சாம்பார், சொம்பு சொம்பாகத் தண்ணீர். ஊருக்கு வந்து மத்தியானம் சட்டையைக் கழற்றினால் கண்ணாடியில் நிற்பவன் முந்தின நாள் மேடையில் நின்றவனைவிட எத்தனையோ மேல். தசையில் முக்கால்வாசி தண்ணீர் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. உப்பும் தண்ணீரும் இல்லாமல் சோறு உள்ளே போனாலும் தசை நிரம்பாது. அதனால் கடைசி வாரம் உப்பும் தண்ணீரும் எப்போதும் போல, கடைசி இரண்டு நாள் சோற்றைக் கூட்டுவது மட்டும்தான், அதையும் ஒரு மாதம் முன்பு ஒரு சனி ஞாயிறு ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கிரியேட்டினையும் நிறுத்த வேண்டாம், அது பிடிக்கும் நீர் தசைக்கு உள்ளே.

போட்டி முடிந்த ராத்திரி பிரியாணி சாப்பிடுங்கள், அதற்குத் தடை இல்லை. மறுநாளிலிருந்துதான் ஜாக்கிரதை. நான் அன்றைக்கு ஆரம்பித்ததை நிறுத்தவே இல்லை, ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, பழைய செருப்பு போட முடியவில்லை. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 பேரை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு, எடையில் கால்வாசியை இறக்கிப் பார்த்தார். சாப்பாடு திரும்ப வந்த பிறகும், பழைய எடையே வந்த பிறகும் கூட அவர்களில் பலருக்குப் பசி அடங்கவில்லை. அதனால் போட்டிக்குப் பின் இரண்டு மாதத்துக்கும் ஒரு சாப்பாட்டுத் திட்டம் போட்டுத் தருகிறேன், மேடை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள், முடிந்தபின் நீங்கள் என் போனை எடுக்க மாட்டீர்கள்.

மாஸ்டரிடம் சண்டை வேண்டாம். "மருந்து இல்லாம போறதால மெதுவா போறேன் மாஸ்டர், போஸிங் மட்டும் நீங்க சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள், அதில் அவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். ஏழு நாள் சராசரி எடை, தொப்புள் அளவு, பெஞ்சில் 90 எத்தனை, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இந்த நான்கும் போதும். அந்த மெஷின் காட்டும் சதவீதம் எனக்கு வேண்டாம்.